அஷ்டமியில் போட்ட கையெழுத்து

போன வாரம் ஜெயா ஃபோன் செய்தாள். கடையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, வண்டி வாங்குதவரு துபாய்ல இருக்காரு. ஓ.டி.பி. அவரு பழைய நம்பருக்குப் போகுது. அந்த சிம்மு செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம். அவரு ஊருக்கு வர பொங்கல் ஆயிரும். இப்பவே அவரு பேர்ல மாத்தணும்னு வீட்டம்மா வந்து உக்காந்திருக்காவ. ஏதாவது குறுக்கு வழி இருக்காக்கா?"

"இருக்கு. நான் ஒரு தடவ அது வழியா போயிருக்கேன். நீ போவாத" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தூதரகத்தில் பவர் எழுதி, முத்திரை வாங்கி, தபாலில் அனுப்பச் சொல் என்று விளக்கிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு மனசு அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தென்காசியில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கடையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். என் பெயர் சிவகாமி என்றாலும் ஊரில் பலருக்கு நான் 'பாரம் அக்கா'தான்; ஃபாரம் அவர்கள் வாயில் பாரம். வண்டியை விற்பது ஆண்கள். விற்ற வண்டியை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றும் வேலை என்னுடையது. இங்கிலீஷ் டைப்பிங் ஹையர் முடித்துவிட்டு, ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஐந்து வருஷம் லைசென்ஸ் ஃபாரம் அடித்தேன். அதற்கப்புறம் இங்கே வந்தேன். படிப்பு என்று சொல்ல அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் ஃபாரம் நிரப்பும் வேலை. இருபத்தொன்பதாம் நம்பர் ஃபாரம் இரண்டு பிரதி, முப்பதாம் நம்பர் ஒன்று, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாங்குகிறவரின் முகவரிச் சான்று. கடன் இருந்தால் அதை முடித்த கடிதம். இதெல்லாம் யாரும் சேர்த்துவிடலாம். சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் எடுப்பதுதான் கைப்பழக்கம். வண்டியின் இரும்பில் வெட்டியிருக்கும் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். குற்றாலத்துச் சாரலில் நிற்கிற வண்டிகளுக்கு அந்த இடம் துருவேறிக் கிடக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு தேய்த்தால்தான் கடைசி இரண்டு எழுத்தும் தெரியும். அழுத்தித் தேய்த்தால் தாள் கிழியும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானட்டுக்குள் தலையை விட்டு நான் அதை எடுப்பதைப் பார்க்க ஆரம்பத்தில் எதிர்க் கடைக்காரர்கள்கூட வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களிடம், "அந்தத் துணிய எடுங்க" என்று வேலை வாங்கினேன். மறுநாள் ஒருத்தரும் வரவில்லை.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். சத்தம் போட்டுப் பேசமாட்டார். நான் நிரப்பிய ஃபாரத்தை மேசையில் விரித்து, ஒரு ஸ்டீல் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வாய்விட்டுப் படிப்பார். ஸ்கேலை இறக்குவார். அடுத்த வரி. ஒரு ஃபாரத்துக்குக் கால் மணி நேரம். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். நான் சேர்ந்த புதிதில் ஒரு இன்ஜின் நம்பரில் 'பி' என்ற எழுத்தை எட்டு என்று அடித்துவிட்டேன். வண்டி புனலூர்க்காரருக்கு விற்றது. அங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவரை "ஏட்டி சிவகாமி" என்றிருந்தவர், "மேடம், நீங்க ஒரு எட்டு புனலூர் வரைக்கும் போயிட்டு வந்துருங்க" என்றார். நான்கு நாள் அந்த 'மேடம்' இறங்கவில்லை. ஐந்தாம் நாள் "ஏட்டி, காப்பி சொல்லு" என்று கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அண்ணாச்சியின் ஸ்கேல் கடைசி வரிக்கு வரும்போது, அதாவது தேதி வரிக்கு வரும்போது, அவர் தலையைத் தூக்கிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்ப்பார். அஷ்டமி, நவமி, கரிநாள் இல்லையே என்று. எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் ஒரு வண்டியும் கை மாறாது. மாறினாலும் ஃபாரத்தில் அந்தத் தேதி இருக்காது. புதன்கிழமை போட்ட கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை தேதி எழுதுவது எங்களுக்குப் பொய்யாகவே தோன்றியதில்லை. நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. வடகரையைச் சேர்ந்த ராஜ்குமார் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு மாத லீவில் வந்தவர், கடைசி நாளில் எங்கள் கடையில் ஒரு வெள்ளை வண்டியைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. மனைவி செண்பகமும் மூன்று வயசுப் பெண் பிள்ளையும் கூட வந்திருந்தார்கள். வண்டி, ஓய்வுபெற்ற ஏட்டு பரமசிவத்துடையது. முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர், எல்லாருக்கும் ஏட்டையா. அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி திருவனந்தபுரத்தில் ராஜ்குமாருக்கு விமானம். அன்று புதன்கிழமை, அஷ்டமி.

"அக்கா, இன்னைக்குத் தேதி போடாதீங்க" என்றாள் செண்பகம்.

"கையெழுத்து மட்டும் இன்னைக்குப் போடலாமா?"

"தேதி இல்லாத கையெழுத்து எப்படிக்கா அஷ்டமில சேரும்? வெள்ளிக்கிழம தசமி. அன்னைக்குத் தேதி போட்டுக்கிடுங்க. நான் வந்து எலுமிச்சங்கா வச்சு வண்டிய எடுத்துக்கிடுதேன்."

ராஜ்குமார் சிரித்துக்கொண்டே, "இவ சொல்லுதத எழுதிருங்கக்கா, இல்லன்னா நான் பிளேன் ஏற முடியாது" என்றார். அவர் போட்டார், ஏட்டையா போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் தேதிக் கட்டங்களை என் கையால் நிரப்பினேன். ஸ்கேல் இறங்கியது. அண்ணாச்சி நாள்காட்டியைப் பார்த்தார், தலையாட்டினார். பாஸ்போர்ட் நகல் ஃபாரத்தோடு இருந்தும் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ராஜ்குமார் மஸ்கட்டில் இருந்தார். ஒரு மாதத்தில் ஆர்.சி. அவர் பெயருக்கு வந்துவிட்டது. நான் அதை மறந்தேபோனேன்.

ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன். ஐந்தருவி ரோட்டில் ஒரு சாயங்காலம், சாரலில், ஒரு வெள்ளை வண்டி ஒருவரை அடித்துத் தூக்கிவிட்டு நிற்காமல் போனது. அடிபட்டவர் மாரியப்பன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி, வேலை முடிந்து நடந்து போனவர். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வண்டி நம்பரை ஒரு பழக்கடைக்காரர் பார்த்துவிட்டார். போலீஸ் வடகரை வீட்டுக்குப் போனபோது அங்கே வண்டி இல்லை. மலை தாண்டிக் கேரளாவுக்குள் எங்கேயோ போய்விட்டது.

ஒரு வாரத்தில் மஸ்கட்டிலிருந்து ராஜ்குமார் பெயரில் வக்கீல் மூலமாக மனு வந்தது. 'நான் இந்த வண்டியை வாங்கவே இல்லை. வாங்கியதாகச் சொல்லும் தேதியில் நான் இந்தியாவிலேயே இல்லை. என் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருக்கிறார்கள்.' பாஸ்போர்ட்டில் வெளியேறிய முத்திரை பளிச்சென்று இருந்தது. புதன்கிழமை.

அப்படியானால் வண்டி யாருடையது? விற்றதாகச் சொல்கிற ஏட்டையாவுடையது. மாரியப்பனை அடித்த வண்டிக்கும் போலிக் கையெழுத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏட்டையா கடைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தாயி, அந்தத் தேதி யாரு கைல இருக்கு?"

"என் கைலதான் ஏட்டையா."

"நான் இருவது வருசம் திருட்டுப் பயல்களக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்ச பெஞ்சில, நாளைக்கு என்னைய வந்து உக்காரச் சொல்லுதான்வ. நான் வேலை சொல்லிக் குடுத்த பயலுவ" என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். "பதினோரு மணிக்கு. உன்னையும் அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருக்காவ. நெசத்தச் சொல்லு தாயி, அது போதும்."

அவர் போன பிறகு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஃபாரத்தின் நகல் இருந்தது. ஸ்கேல் கைபடாமல் ஓரத்தில் கிடந்தது.

"மேடம், நீங்க ஒண்ணும் விளக்கம் சொல்லவேண்டாம். ஃபாரம் டைப் பண்ணிக் குடுத்தோம், தேதிய வாடிக்கையாளரே எழுதிக்கிட்டாவன்னு மட்டும் சொல்லுங்க. வாடிக்கையாளருன்னா யாருன்னு கேக்கமாட்டான்."

"கையெழுத்தப் பாத்தா நான் எழுதுனதுன்னு தெரியும் அண்ணாச்சி."

"பாத்தாத்தான மேடம்."

பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அரசாங்க ஃபாரத்தில் தவறான தேதி எழுதியவள் நான். ஐம்பத்தைந்து வயசு வரை ஸ்டேஷன் வாசல் மிதிக்காதவள். உண்மையைச் சொன்னால் என்னைத்தான் முதலில் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் அந்த மனுஷர் பெஞ்சில் உட்காருவார். அன்று ராத்திரி இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்தேன். அஷ்டமி என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சலாக வந்தது. செண்பகத்தின் மேல் கோபம் வந்தது, அதைவிட என் மேல்.

மறுநாள் பதினோரு மணி. ஸ்டேஷனில் இரண்டு போலீஸ்காரர்கள், "உக்காருங்க ஏட்டையா" என்று தயங்கியபடி சொன்னார்கள். அவர் பெஞ்சைப் பார்த்தார், நின்றுகொண்டார். செண்பகமும் அவள் மாமனாரும் வந்திருந்தார்கள். மாமனார் வாசலிலேயே நின்றார். செண்பகம் உள்ளே சுவரோரம் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், இளைஞர். ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார்.

"தேதி எழுதினது யார்?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். நான் அவரைப் பார்க்காமல், "நான்தான் சார்" என்றேன். "கையெழுத்து புதன்கிழமை போட்டது. அன்னைக்கு அஷ்டமி. அதனால வெள்ளிக்கிழமைன்னு எழுதினேன்."

"பொய்த் தேதின்னு தெரிஞ்சே எழுதினீங்களா?"

"பொய்யுன்னு நெனைக்கல சார். நல்ல நாளுன்னு நெனச்சேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "புதன்கிழமை அவர் உங்க கடையில கையெழுத்துப் போட்டார்ங்கிறதுக்கு உங்க வார்த்தை மட்டும்தான் இருக்கு. நீங்க கடை ஆள். ஏட்டையாவுக்கு வேண்டியவங்க. கோர்ட்ல இது நிக்காதும்மா. தப்பான தேதி எழுதினது நீங்கதான்னும் இப்போ எழுதிக் குடுத்தாகணும், தெரியும்ல?"

"எழுதித் தாரேன் சார். அவருகிட்ட நான் ஒரு தடவ பேசட்டுமா?"

செண்பகத்தின் ஃபோனிலிருந்தே அழைத்தார்கள். ஒலியைக் கூட்டி மேசை மேல் வைத்தார் இன்ஸ்பெக்டர். நான்கைந்து தடவை மணி அடித்தபின் ராஜ்குமார் எடுத்தார். பின்னால் எந்திரச் சத்தம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் மனுவுல எழுதியிருக்கேன்."

"ராஜ்குமாரு, நான் பாரம் அக்கா பேசுதேன்" என்றேன். எந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. "தேதி நான் எழுதுனது. அத நான் ஒத்துக்கிட்டேன். என்னையக் காப்பாத்த வேண்டாம். நீங்க எந்தக் கிழம கையெழுத்துப் போட்டியன்னு அத மட்டும் சொல்லுங்க. உங்க வயசுக்கு மூத்த மனுஷன் இங்கன பெஞ்சு பக்கத்துல நிக்காரு."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றார். அக்கா என்று சொன்னார். பிறகு லைன் அறுந்தது. திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஃபோனைச் செண்பகத்திடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அஷ்டமின்னு சொன்னது நாந்தான் சார்" என்றாள்.

வாசலில் மாமனார், "ஏட்டி!" என்றார்.

அவள் திரும்பவில்லை. "அவுக புதன்கிழம கடையில வச்சுத்தான் கையெழுத்துப் போட்டாவ. பிள்ளையும் நானும் கூட இருந்தோம். வெள்ளிக்கிழம தேதி போடச் சொன்னது நான். இந்த அக்கா மேல தப்பில்ல."

"வண்டியை ஓட்டினது யாரும்மா?"

"எங்க கொழுந்தன். அன்னைக்கு வந்து ஷெட்டுல விட்டுட்டுப் படுத்துட்டாவ. காலைல வண்டியக் கழுவுன்னு சொன்னாவ. என்ன ஏதுன்னு தெரியாம வாளியத் தூக்கிட்டுப் போனேன். முன்னாடி கம்பியில தலைமுடி இருந்துச்சு சார். நாந்தான் கழுவுனேன்."

வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமனார் போய்விட்டார்.

வழக்கு விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழுந்தன் இரண்டு நாளில் சரணடைந்தான். வண்டி கேரளாவில் ஒரு பட்டறையில் கிடைத்தது. மாரியப்பன் பிழைத்துக்கொண்டார். ஆனால் கால் சரியாகவில்லை. நின்று எண்ணெய் தேய்க்க முடியாமல் இப்போது டிக்கெட் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஏட்டையா அந்த பெஞ்சில் உட்காராமலே வீட்டுக்குப் போனார். என்னிடம் எழுதி வாங்கி எச்சரித்து விட்டார்கள். மூன்று தடவை கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எதிர்த்தரப்பு வக்கீல், 'உங்களுக்குக் கிழமை தெரியுமா' என்றுதான் ஆரம்பித்தார். நல்லவேளை, கோர்ட்டில் நாக்கை அடக்கிக்கொண்டேன். அண்ணாச்சி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நான் ஓய்வுபெறும் நாள் வரை அவர் வாயிலிருந்து ஒரு 'ஏட்டி' வரவில்லை. அது எனக்கு இன்றுவரை வலிக்கிறது. பரவாயில்லை. அதற்குப்பின் எங்கள் கடையில் தேதி எழுதாத கையெழுத்து ஒன்றுகூட வாங்கவில்லை. வாங்க நான் விடவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாதது, ஸ்டேஷனுக்குப் போன அன்று மத்தியானம் நடந்ததுதான்.

நாங்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்து முடிக்கும்போது இரண்டு மணி. ஏட்டையா என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார், முடியாமல் போய்விட்டார். நானும் செண்பகமும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தூறிக்கொண்டிருந்தது. ஒரு மனுஷரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை, அதை மறைக்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்றுகூடக் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வடகரை வண்டியும் பாவூர்சத்திரம் வண்டியும் நின்றன. செண்பகத்தின் பிறந்த வீடு பாவூர்சத்திரம். அவள் அப்பா அங்கே காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் நின்றுவிட்டாள்.

"நான் இப்ப எதுல ஏறணும்க்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏட்டையாவை நினைத்தேன், என்னை நினைத்தேன், வழியில் பேச்சுக்குக்கூட இவளை நான் நினைக்கவில்லை. சொந்தக் கொழுந்தனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, புருஷனைப் பொய்யனாக்கிவிட்டு, இவள் எந்த வீட்டுக்குப் போவாள்? வெட்கமாக இருந்தது.

"அம்மா வீட்டுக்குப் போ, ஏட்டி" என்றேன். "ரெண்டு நாள் கழியட்டும்."

"பிள்ள வடகரையில இருக்கால்லா."

சொல்லிவிட்டு வடகரை வண்டியில் ஏறினாள். நானும் ஏறினேன். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வழி முழுக்க இரண்டு பக்கமும் நனைந்த வயல். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ராஜ்குமாரிடமிருந்து ஃபோன் வருமோ என்று நான் அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டு வந்தேன். வரவில்லை.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டி.வி. சத்தம் கேட்டது. வாசற்படியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பிள்ளை. படிக்குக் கீழே, நனையாமல் ஓரமாக, ஜிப் மூடாத ஒரு பெரிய பை. அதற்குள் சேலைகளும் பிள்ளையின் கவுன்களும் திணித்துக் கிடந்தன.

"ஆச்சிய வையாதம்மா" என்று பிள்ளை சொன்னது. உள்ளே பாட்டி பிள்ளையிடம் என்ன சொன்னாளோ தெரியாது.

செண்பகம் கதவைத் தட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடித் தோளில் போட்டுக்கொண்டேன். நாங்கள் வந்த பஸ் தென்காசிக்குத் திரும்பாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தது.